கம்பியைத் தூக்காத காலை

புதிதாகச் சட்டை வாங்கியிருக்கிறீர்கள். நீலச் சட்டை, தோளில் பட்டை, நெஞ்சில் செக்யூரிட்டி ஏஜென்சி பேர். தோளில் இருக்கிற அந்தப் பட்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. பஸ் கூட்டத்தில் மாட்டிக் கிழியும். அதற்குத்தான் இருக்கிறது.

ஏஜென்சியில் என்னை உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அப்படியானால் எழுதிக் கொடு என்றார்கள். அது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கேட்டில் எப்படி நிற்பது, யாரை உள்ளே விடுவது, யாரிடம் போன் நம்பர் வாங்குவது, எல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. நாற்காலியை மரத்தடியில் போடாதீர்கள், காக்கை இருக்கிறது. அது மட்டும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சொல்வது வேறு. உங்களில் சிலர் நாலைந்து வருஷத்தில் சூப்பர்வைசர் ஆவீர்கள். கீழே ஆறு பேர் இருப்பார்கள். ஒரு நாள் மேலே இருந்து ஒரு செய்தி வரும். அரைச் செய்தி. மீதி அரை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை ஆறு பேரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். சொல்லாமல் விட்டேன். அதனால் ஒரு பொம்பளை ஒரு மாதம் மெஷின் மாதிரிப் பேசும்படி ஆயிற்று. எப்படி என்று சொல்கிறேன்.

அடையாற்றில், ஆற்றை ஒட்டின தெருவில், ஒரு அபார்ட்மெண்ட். பேர் வேண்டாம். வண்டிக்குப் பெரிய கேட், ஆள் நடந்து போகச் சின்ன கேட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஷிப்டுக்கு மூன்று பேர், மொத்தம் ஆறு பேர். மேலே நான். ஆறு பேரில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் ஏழுமலை. எங்களுக்கெல்லாம் முன்னால் அந்த கேட்டுக்கு வந்தவர். எது வந்தாலும் சல்யூட் வைப்பார். கார் வந்தால் சல்யூட். குப்பை வண்டி வந்தால் சல்யூட். ஒரு தடவை மினி லாரியில் ஃபிரிட்ஜ் வந்தது. லாரிக்கு ஒன்று வைத்தார், ஃபிரிட்ஜுக்கு ஒன்று வைத்தார். கேட்டைத் தொட்டால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்று சேர்ந்த அன்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு எழுத வேகம் வராது. அதனால் கோடு போடுவார். ஒரு தடவை தொட்டால் ஒரு கோடு. யாரும் கேட்டதில்லை. அவரும் விட்டதில்லை.

இன்னொருவர் ஸ்டெல்லா அக்கா. சின்ன கேட். முன்பு ஆற்றோரத்தில்தான் வீடு, நடந்தே வருவார். அரசாங்கம் அந்த வீட்டை எடுத்துவிட்டது. இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒரு நாள் லேட் கிடையாது. இந்த வேலை போனால் அந்தப் பக்கம் வேறு வேலை கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது தனசேகர். நல்ல பிள்ளை. வாய் மட்டும் நிற்காது.

அபார்ட்மெண்ட் சங்கத்து செக்ரட்டரி பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மயிலாப்பூர்க் குடும்பம், பிற்பாடு இங்கே வாங்கி வந்தவர்கள். ஒரு நாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மாமி காபி கொடுத்தார். செக்ரட்டரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"கேட்டுக்கு ஒரு மெஷின் வரப்போறது. ஒரு மாசம் டிரையல். நன்னா வேலை செஞ்சா ஆறு பேர் வேண்டாம், மூணு பேர் போறும்னு கமிட்டில சொல்றா. நீ இப்போ யார்ட்டயும் சொல்லிண்டு இருக்காதே."

சரி சார் என்றேன். காபி நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றைச் சொல்லி ஆறு பேர் தூக்கத்தை ஏன் கெடுப்பது என்று நினைத்தேன். ஒரு மாதம் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது நான் மட்டும்தான். அதுவும் இரண்டு நாள்.

மெஷின் வந்தது. ஒரு பெட்டி, அதிலிருந்து குறுக்கே நீளமாக ஒரு சிவப்பு வெள்ளைக் கம்பி, மேலே ஒரு கேமரா. கார் வந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். நம் வண்டி என்றால் கம்பி தானாக மேலே போகும். ஒரு பொம்பளைக் குரல் "நல்வரவு" என்று சொல்லும். உள்ளே வந்தாலும் நல்வரவு, வெளியே போனாலும் நல்வரவு. டை கட்டின ஒரு கம்பெனித் தம்பி வந்து மாட்டிவிட்டுப் போனார். ஏழுமலை மெஷினுக்கு சல்யூட் வைத்தார்.

இது எதற்கு என்று தனசேகர் கேட்டான். கம்பி தூக்க என்றேன். அது தெரியுது, எதுக்கு என்றான். பார்க்கலாம் என்றேன்.

இந்த "பார்க்கலாம்" இருக்கிறதே, அதை மட்டும் சூப்பர்வைசர் சொல்லக்கூடாது. பார்க்கலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனால் ஒன்றும் செய்ய முடியாது. கதை கட்டத்தான் முடியும்.

முதல் கதை மறுநாளே வந்தது. கேமரா வண்டியைப் பார்ப்பதற்கு இல்லை, நம்மைப் பார்ப்பதற்கு. யார் எத்தனை தடவை கொட்டாவி விடுகிறார்கள் என்று அது எண்ணுகிறது. சொன்னது தனசேகர். அன்று முதல் கொட்டாவி வந்தால் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூன்றாம் மாடி அம்மா ஒருவர் என்னிடம் வந்து, உங்கள் ஆட்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறீர்களே, என்ன தப்பு செய்தார்கள், பாவம், விட்டுவிடுங்கள் என்றார்.

இரண்டாவது கதை என் செருப்பில் இருந்து வந்தது. வார் அறுந்தது, புதுச் செருப்பு வாங்கினேன். சாயங்காலம் ஏழுமலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போய் நல்லபடியா இருங்க என்றார். எங்கே என்றேன். அதை நீங்கதான் சொல்லணும் என்றார். சூப்பர்வைசருக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது, அதனால்தான் வாயே திறக்க மாட்டேன் என்கிறார் என்று கேட்டில் பேச்சு. நான் வாயைத் திறக்காமல் இருப்பது புதிதில்லை. ஆனால் புதுச் செருப்பும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, ஏஜென்சியில் வருஷா வருஷம் கேட்கிற மாதிரி எல்லோரிடமும் ஆதார் ஜெராக்ஸ் கேட்டேன். ஏஜென்சியை வடக்கே யாரோ வாங்கிவிட்டார்கள், இனி இந்தி தெரியாதவனுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. தனசேகர் போனைப் பார்த்து இந்தி படிக்க ஆரம்பித்தான். சாப்பாடு கொண்டு வந்த ஒரு டெலிவரிப் பையனிடம் "கைஸே ஹோ" என்று நலம் விசாரித்தான். அந்தப் பையன் வேலூர். "அண்ணா, பி பிளாக் எந்தப் பக்கம்ணா" என்றான்.

இவற்றையெல்லாம் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. நாலாவது கதை அப்போது என் காதுக்கு வரவில்லை. அதுதான் முக்கியமான கதை. மெஷினை ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது செக்ரட்டரி. அது சரியாக வேலை செய்யாவிட்டால் பழி கேட்டில் நிற்கிறவன் மேல்தான் விழும், நம்மைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு பேரும் கூடிப் பேசி இதை நம்பினார்கள். மற்ற மூன்று கதையைவிட இதில் அறிவு இருக்கிறது. உண்மைக்கு நேர் தலைகீழ் என்பது ஒன்றுதான் குறை.

மெஷின் சரியாக வேலை செய்யவில்லை. காலையில் வெயில் நேராக அதன் கண்ணில் அடிக்கும், ஒன்றும் தெரியாது. தண்ணீர் லாரி முதுகில் எழுதியிருந்த போன் நம்பரைப் படித்துவிட்டு யோசித்துக்கொண்டே நிற்கும். மீன்கார அம்மாவின் கூடைக்கு நல்வரவு சொல்லும். அந்த அம்மா முதல் நாள் பயந்துவிட்டார். மறுநாள் முதல் பெரிய கேட் வழியாகத்தான் வந்தார். கூடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

ஆனால் குடியிருக்கிற யாருக்கும் இது தெரியவில்லை. காரணம் என் ஆட்கள்.

கரண்ட் போனால் கையால் தூக்குவதற்குப் பெட்டியின் பின்பக்கம் ஒரு பிடி உண்டு. ஏழுமலை பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். கார் வரும். மெஷின் முழிக்கும். ஏழுமலை பிடியைச் சுற்றுவார். கம்பி மேலே போகும். கையால் தூக்கினால் மெஷின் நல்வரவு சொல்லாது. அதை ஸ்டெல்லா அக்கா சின்ன கேட்டில் இருந்து சொல்வார். மெஷினின் அதே குரலில், அதே இழுப்பில். தனசேகர் காலை எட்டில் இருந்து பத்து வரை கேமராவுக்குக் குடை பிடிப்பான். அடுத்த ஷிப்டுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அங்கே நல்வரவு சொல்லக் குரல் அமையவில்லை, இருமிச் சமாளித்தார்கள்.

நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். ஏழுமலை பெட்டி மறைவில் குந்தியிருப்பதைப் பார்த்து, கண் அசருகிறார் பாவம் என்று நகர்ந்துவிட்டேன். தனசேகர் குடையைப் பார்த்து, வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். காலையில் நான் பெரும்பாலும் பின்பக்கம் ஜெனரேட்டர், மோட்டார் என்று இருப்பேன். கேட்டில் ஒரு சத்தமும் இல்லை. டீம் நன்றாக இருக்கிறது என்று ஒரு கர்வம்கூட வந்தது.

மாதம் முடியப் போகும்போது செக்ரட்டரி கூப்பிட்டார். மறுபடி காபி. கம்பெனி கொடுத்த பேப்பரைக் காட்டினார். எத்தனை வண்டி வந்து போனது, எத்தனை புகார் வந்தது என்று இரண்டு வரிசை. புகார் வரிசை காலி. மெஷினின் குரல் முதலில் கொஞ்சம் தகரம் மாதிரி இருந்தது, இப்போது ரொம்ப இனிமையாகிவிட்டது என்று கமிட்டியில் ஒரு டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறாராம்.

"உன் ஆட்களும் ரொம்ப நன்னா ஒத்துழைக்கறா," என்றார் செக்ரட்டரி. "விஜயதசமி அன்னிக்குக் கார்த்தால கமிட்டி கேட்டுக்கே வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறோம். நல்ல நாள். அனுப்ப வேண்டிய மூணு பேர் பேரை நீ எழுதிக் கொடுத்துடு."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார்.

கீழே வந்து ஒரு பேப்பர் எடுத்தேன். முதலில் என் பேரை எழுதினேன். இரண்டாவது பேர் வரவில்லை. ஸ்டெல்லா அக்காவின் இரண்டு பஸ் ஞாபகம் வந்தது. ஏழுமலையை வேறு எந்த கேட்டில் வைத்துக்கொள்வார்கள். தனசேகருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, கேட்டுக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

ஒரு கார் வந்தது. மெஷின் முழித்தது. பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு முழங்கை மேலும் கீழும் போனது. கம்பி எழுந்தது. சின்ன கேட்டில் இருந்து "நல்வரவு" வந்தது. முழங்கைக்குச் சொந்தக்காரர் எழுந்து நின்று சல்யூட் வைத்துவிட்டு, மறுபடி குந்தி ரெஜிஸ்டரில் ஒரு கோடு போட்டார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். முதல் நாளில் இருந்து என்றார் ஏழுமலை. சந்தோஷமாகச் சொன்னார். ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கோடு.

அன்று ஷிப்டு மாறுகிற நேரம் ஆறு பேரையும் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மெஷின் நன்றாக வேலை செய்தால் மூன்று பேர் போக வேண்டும். எனக்கு இது ஒரு மாதமாகத் தெரியும். யார் என்று முடிவாகவில்லை. விஜயதசமி காலையில் பார்க்க வருகிறார்கள். இதில் பாதி சொல்லும்போது மோட்டார் ஓட ஆரம்பித்தது. மறுபடி முதலில் இருந்து கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. என் சர்வீஸில் நான் இரண்டு தடவை சொன்னது அது ஒன்றுதான்.

ஸ்டெல்லா அக்காதான் ஆரம்பித்தார்.

"இத்த மொத நாளே சொல்லி இருந்தா இன்னா? அந்தம்மா கொரல்ல கத்திக்கினு, ஒரு மாசமா என் தொண்ட போச்சு. ஊட்ல புள்ளைங்கள கூப்ட்டாகூட நல்வரவுன்னு வருது."

"நானே கொட புட்ச்சு என் வேலைக்கு ஒல வச்சுக்கினேன்," என்றான் தனசேகர்.

ஏழுமலை ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப துபாய் இல்லியா?" என்றார்.

இல்லை என்றேன்.

தனசேகருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. உள்ளே ஒரே ஒரு ஒயர் இருக்கிறது, அதை இழுத்துவிட்டு எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். கூடாது என்றேன். ஒயரைப் பிடுங்கினால் அதற்கப்புறம் கேட்டில் நிற்க நமக்கு யோக்கியதை இல்லை. கெடுக்கக் கூடாது, உதவவும் கூடாது. பார்க்க வருகிற அன்று யாரும் அதன் மேல் கை வைக்காதீர்கள், அது பாட்டுக்கு எப்படி இருக்கிறதோ அப்படி இருக்கட்டும் என்றேன். அதுவரை வழக்கம்போல் வண்டிகள் போகட்டும், ஜனங்களைக் காயப்போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

செக்ரட்டரியிடமும் போனேன். மறைத்து வைத்துப் பட்டது போதும் என்று இருந்தது. மெஷினுக்கு எங்க ஆளுங்க உதவி பண்ணியிருக்காங்க சார் என்றேன். அதான் நானும் சொன்னேனே, நன்னா ஒத்துழைக்கறா என்று தோளில் தட்டினார். உள்ளே கொலு பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். என் கையில் சுண்டலைக் கொடுத்து அனுப்பினார்கள். குறைவாகப் பேசுகிறவனுக்கு இதுதான் கஷ்டம். ஒரு நாள் பேசினாலும் எடுபடாது.

ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வண்டியையும் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நெற்றி மாதிரி இருப்பது நம்பர் பிளேட்தான், அதனால் பொட்டு அங்கேதான் வைப்பார்கள். நம்பர் ஒன்றுக்கு ஒரு பொட்டு வைத்தவர்களும் உண்டு. கேட்டில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். மாமி தட்டோடு கீழே வந்தார். எங்கள் டார்ச்சுக்கு, விசிலுக்கு, தடிக்கு எல்லாம் பொட்டு வைத்தார். மெஷினைப் பார்த்தார். இதுவும் ஆயுதம்தானே, இதை மட்டும் விடுவானேன் என்று கேமராவின் கண்ணாடி நடுவில் அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கை வைக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். ஏழுமலை மட்டும் ஒரு சல்யூட் வைத்தார்.

விஜயதசமி காலை. கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. செக்ரட்டரி, டாக்டர், இன்னும் இரண்டு பேர். கம்பெனித் தம்பி லேப்டாப்போடு நின்றார். தனசேகர் குடையை மடித்து அக்குளில் வைத்திருந்தான். ஸ்டெல்லா அக்கா கர்ச்சீப்பால் வாயைப் பொத்தியிருந்தார். ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டார். இல்லாவிட்டால் அது தானாகப் போய்விடும் என்றார்.

முதலில் வந்தது செக்ரட்டரியின் கார்தான். டிரைவர் ஓட்ட, பின்னால் மாமி. மயிலாப்பூரில் மகள் வீட்டில் பேரனுக்கு அன்று எழுத்து ஆரம்பிக்கிறார்கள். ஒன்பது மணிக்குள் நல்ல நேரம். மாமி மடியில் ஒரு தாம்பாளம் நிறைய அரிசி.

மெஷின் அசையவில்லை.

டிரைவர் ஹார்ன் அடித்தார். பின்னால் இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர். கம்பெனித் தம்பி லேப்டாப்பில் என்னென்னவோ தட்டினார். இப்போது நான் ஒன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கண்ணில் பொட்டு இருப்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் மெஷின் தோற்கும். ஆனால் அது மெஷினின் குறை இல்லை, மாமியின் பக்தி. சொன்னேன். "தம்பி, கண்ணுல சந்தனம் இருக்கு."

தனசேகர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தம்பி டையால் கண்ணாடியைத் துடைத்தார். மெஷினுக்கு இப்போது பார்வை வந்தது. எதிரே நம்பர் பிளேட்டில் நாலு பொட்டு. படித்துப் பார்த்தது. அதுவரை அது பார்த்த எந்த நம்பரிலும் அப்படி இல்லை. அடுத்த காருக்கும் பொட்டு. அதற்கடுத்ததற்கும் பொட்டு. பின்னால் வரிசை வளைந்து பி பிளாக் வரை போய்விட்டது. எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள்.

மாமி கண்ணாடியை இறக்கினார். "ஏம்ப்பா ஏழுமலை, என்ன இப்படி உக்காந்துண்டிருக்கே? நேரம் ஆறது, தூக்கேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "சார், கொயந்தைக்கு டைம் போவுது சார்."

இரு என்று கை காட்டினேன்.

செக்ரட்டரி எழுந்து வந்தார். முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா இது? ஸ்டிரைக் பண்றேளா?"

"இல்ல சார்," என்றேன். "டிரையல்."

அவருக்குப் புரியவில்லை. நான் ரெஜிஸ்டரை எடுத்துக் காரின் பானெட்டில் வைத்துப் பிரித்தேன். ஒரு மாதமாக மெஷின் தூக்காதபோதெல்லாம் தூக்கியது ஏழுமலை என்றேன். தூக்கும்போதெல்லாம் எழுதியிருக்கிறார் என்றேன்.

செக்ரட்டரி ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். பேங்கில் இருந்தவர், புஸ்தகம் என்றால் முழுக்கப் பார்ப்பார். இது என்ன வேலி கட்டின மாதிரி என்று கேட்டார். ஒரு கோடு ஒரு தபா சார் என்றார் ஏழுமலை. கடைசிப் பக்கம் வரை திருப்பிவிட்டு செக்ரட்டரி நிமிர்ந்தார்.

"அப்போ நல்வரவுன்னு சொன்னது?"

எல்லோரும் சின்ன கேட்டைப் பார்த்தோம். ஸ்டெல்லா அக்கா மெதுவாகக் கர்ச்சீப்பை எடுத்தார்.

"நல்வரவு," என்றார். அதே குரல்.

டாக்டர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். குரல் இனிமையாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெஷின் அவரைப் பார்த்து நல்வரவு என்றது. கம்பி மட்டும் எழவில்லை.

மாமி பேசினார். "விசாரணையெல்லாம் அப்பறம் வெச்சுக்கோங்கோ. மாசம் பூரா தூக்கினவா யாரோ, அவாளே இப்பவும் தூக்கட்டும்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. தலையாட்டினேன். அவர் கையை வெளியே எடுத்து இரண்டு தடவை உதறினார், மரத்துப்போயிருந்தது. பிடியைச் சுற்றினார். கம்பி எழுந்தது. கார் போயிற்று. வரிசையில் கடைசி ஸ்கூட்டர் போகும்வரை பிடித்தபடி நின்றார். அப்புறம் பானெட்டில் வைத்த ரெஜிஸ்டர் எங்கே என்று தேடினார். அது காரோடு மயிலாப்பூர் போய்க்கொண்டிருந்தது. தனசேகர் ஓடிப்போய் சிக்னலில் பிடித்துக்கொண்டு வந்தான்.

கமிட்டி அன்று ரொம்ப நேரம் பேசியது. மெஷினைத் திருப்பி அனுப்பினால் செக்ரட்டரிக்கு முகம் இல்லை. ஆளைக் குறைத்தால் மெஷினுக்குக் கதி இல்லை. கடைசியில், மெஷின் ஆட்களின் துணையோடு நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அது உண்மைதான். ஷிப்டுக்கு ஒருவர் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டியூட்டி போட்டார்கள். ஆறு பேரும் இருந்தார்கள். மழை மாதத்தில் அதற்குக் குடை பிடிக்க ஏஜென்சியில் ஏழாவது ஆள் கேட்டார்கள். மூன்று பேர் பேரை எழுத வேண்டிய பேப்பர் ஆடுகிற நாற்காலியின் காலுக்கு அடியில் போயிற்று. அளவு சரியாக இருந்தது.

நல்லபடியாக முடிந்தது என்பதால் நான் செய்தது சரி என்று ஆகாது. ஆயுத பூஜை பத்து நாள் தள்ளி வந்திருந்தால் கமிட்டி அந்தப் பேப்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கும், மூன்று பேர் போயிருப்பார்கள். ஒரு மாதம் அவர்கள் பாடுபட்டது அவர்களுக்கே எதிராக. பாடுபட வைத்தது என் வாய்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்தேன். திங்கட்கிழமை காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால், எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வேன். எனக்கு என்ன தெரியும். என்ன தெரியாது. எப்போது தெரியும். சில வாரம் ஒன்றுமே இருக்காது. இந்த வாரம் ஒண்ணும் தெரியாது, போங்க என்பேன். அதுவும் செய்திதான். சந்தோஷமாகப் போவார்கள். எங்களைப் பற்றிக் கதை கட்ட வழியில்லாமல் தனசேகர் கொஞ்ச நாள் தவித்தான். அப்புறம் எந்த பிளாட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஆரம்பித்துவிட்டான். அது என் பொறுப்பில் வராது.

முழங்கால் போனதும் வேலையை விட்டேன். திங்கட்கிழமை இப்போது ஸ்டெல்லா அக்கா சொல்கிறார், அவர்தான் சூப்பர்வைசர். கடைசி நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எப்போதும் பெரிய கேட்டில் வருகிற மீன்கார அம்மா அன்று சின்ன கேட்டை அடைத்துக்கொண்டு, கூடையோடு ஸ்டெல்லா அக்காவிடம் பேசிக்கொண்டு நின்றார். அதனால் பெரிய கேட் பக்கம் போனேன்.

கம்பி எழுந்தது. எனக்கு நம்பர் பிளேட் கிடையாது. "நல்வரவு" என்று குரல் வந்தது.

போகிறவனுக்கு என்ன நல்வரவு என்று ஸ்டெல்லா அக்காவைக் கேட்டேன்.

"அந்தம்மாக்கு வேற வார்த்த தெரியாதுண்ணே," என்றார்.

பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். ஏழுமலை ஒரு கையில் பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் வைத்தபடி இருந்தார். எழுதியாச்சா என்றேன். பிடியை இறக்கிவிட்டு ரெஜிஸ்டரை எடுத்தார். என் முன்னாலேயே ஒரு கோடு போட்டார். மற்ற கோடுகளைவிட அது கொஞ்சம் நீளமாக இருந்தது.